கிரேக்கம் கற்கச் செல்வோரும் நாமும்

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நம் ஆலய வளாகத்தில் நடைபெற்ற விவிலிய மாலையில் ஆற்றிய உரை)

 

நம் பங்கின் மைந்தராகிய இளங்குருவானவர் ஒருவர், திருநூலை அதன் மூல மொழிகளிலே பயில்வதற்காக உரோமை நகருக்குச் செல்ல ஆயத்தமாகி வருகிறார் என்பது உங்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அந்தச் செய்தி வந்த நாள் முதல் நம் தெருக்களிலே பல பேச்சுகள் எழுந்துள்ளன. பெருமைப்படுவோர் உண்டு. “சாமியார் படிப்பை முடித்தவருக்கு இன்னும் என்ன படிப்பு?” என்று கேட்போரும் உண்டு. “கிரேக்கம் கற்றுக்கொண்டு வந்து திண்டுக்கல்லிலே யாரோடு பேசப்போகிறார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்ட பெரியவரும் உண்டு. “தண்ணீருக்கும் வேலைக்கும் தவிக்கிற ஊரிலே இது தேவைதானா?” என்று வருத்தத்தோடு கேட்ட தாய்மாரும் உண்டு. இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நாம் ஒதுக்கிவிடலாகாது. கேட்டவர்கள் நம்மவர்கள், கேட்கும் உரிமை உள்ளவர்கள். ஆகவே இன்று மாலை அவற்றுக்கு மறுமொழி தேடுவோம்.

கிரேக்கம் நமக்குப் புதிதல்ல

முதலாவதாக, கிரேக்கம் நமக்கு முற்றிலும் அந்நிய மொழி அல்ல என்பதை நினைவில் கொள்வோம். நம்மிடையே உள்ள முதியவர்கள் இலத்தீன் பூசை கண்டவர்கள். அந்தப் பூசையிலே “கீரியே எலேயிசோன்” என்று பாடினோம் அல்லவா? அது இலத்தீன் அல்ல, கிரேக்கம். ‘ஆண்டவரே, இரக்கம் வையும்’ என்பது அதன் பொருள். இலத்தீன் வழிபாட்டுக்குள்ளே கிரேக்கச் சொல் அப்படியே தங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமாரும் கிரேக்கத்திலே மன்றாடினார்கள்!

‘கிறிஸ்து’ என்பது கிரேக்கச் சொல். திருப்பொழிவு பெற்றவர் என்று பொருள். ‘கத்தோலிக்க’ என்பதும் கிரேக்கமே. எங்கும் பரந்த, அனைத்தையும் தழுவிய என்று பொருள். ‘பைபிள்’ என்பதும் நூல்கள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. நம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களையும் பாருங்கள். ‘ஸ்தேபனோஸ்’ என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது வெற்றி மாலை. முதல் மறைசாட்சியாகிய முடியப்பருக்கு நம் முன்னோர் வழங்கிய தமிழ்ப் பெயர் அந்தச் சொல்லின் நேர் பொருள் அல்லவா? முடியப்பன் என்று மகனுக்குப் பெயர் வைத்த உழவர், தம்மை அறியாமலே கிரேக்கத்தைத் தமிழாக்கினார். ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அதனாலே அவர் நமக்குச் சின்னப்பர் ஆனார். நம் முன்னோர்கள் பெயரைக் கடன் வாங்குவதோடு நிற்கவில்லை. பொருளைக் கேட்டு, அதைத் தமிழாக்கிக் கொண்டார்கள்.

தமிழருக்கும் கிரேக்கருக்கும் இடையே இருந்த உறவு திருச்சபையின் வழியாக மட்டும் வந்ததன்று. நம் சங்கப் பாடல்கள் யவனரைப் பேசுகின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்பவர் கிரேக்கத்தில் எழுதிய நிலநூலில், பாண்டியரின் தலைநகராக மதுரை குறிக்கப்பட்டிருக்கிறது. முசிறித் துறைமுகத்திலிருந்து சென்ற சரக்கைப் பற்றிய கிரேக்க ஒப்பந்தம் ஒன்று, எகிப்து நாட்டின் பாப்பிரசுத் தாளிலே எழுதப்பட்டு, இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கிரேக்கத்திலேதான் நமக்குக் கிடைத்துள்ளன. அந்தக் கிரேக்கம் அறிஞர் அவைக்குரிய உயர்நடை அன்று. ‘கொய்னே’ என்று அதற்குப் பெயர். பொதுவானது என்று பொருள். கடைவீதியிலும் துறைமுகத்திலும் படைவீரர் கூடாரத்திலும் வழங்கிய மொழி. எகிப்து நாட்டு மணலிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட பழைய கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் இதைத் தெளிவாக்கின. மகன் தாய்க்கு எழுதிய கடிதம், வரி கட்டிய சீட்டு, கடன் பத்திரம் ஆகியவற்றில் உள்ள மொழியை ஒட்டியே நற்செய்தி நூல்களின் மொழியும் இருக்கக் கண்டார்கள். எளியவர்க்கு விளங்கும்படி எழுதப்பட்ட நற்செய்தி அது. ஆகவே கிரேக்கம் கற்பது மேல்தட்டு அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மூலத்தைப் பார்ப்பதால் என்ன பயன்?

“நம் கையிலே தமிழ் விவிலியம் இருக்கிறதே, போதாதா?” என்று கேட்கலாம். நம் மீட்புக்குப் போதும், ஐயமில்லை. ஆனால் போதிக்கிறவர்கள் மூலத்தைப் பார்த்திருந்தால் கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் மட்டும் சொல்வோம்.

ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவிலும் நம் சிறுவர்கள் நாடகம் போடுகிறார்கள். சூசையப்பர் கதவைத் தட்டுவார், சத்திரக்காரராக வரும் பையன் தலைப்பாகையோடு வந்து, “இடமில்லை, போ!” என்று விரட்டுவான். நற்செய்தி நூலைத் திறந்து பாருங்கள்: சத்திரக்காரர் என்று ஒருவர் அங்கே இல்லவே இல்லை! லூக்கா 2-ஆம் அதிகாரத்தில், இடமில்லை என்று சொல்லப்படும் இடத்திற்குக் கிரேக்கத்தில் ‘கத்தாலுமா’ என்று பெயர். இதே சொல்லை அதே லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தம் சீடரோடு பாஸ்கா உணவு அருந்திய அறையைக் குறிக்கப் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியர் காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த சாவடிக்கோ 10-ஆம் அதிகாரத்தில் ‘பந்தொகேயோன்’ என்ற வேறொரு சொல்லை எழுதுகிறார். அப்படியானால் பெத்லகேமில் இடமில்லாமல் போனது வழிப்போக்கர் சத்திரத்திலா, அல்லது கூட்டம் நிறைந்த ஓர் உறவினர் வீட்டின் விருந்தினர் அறையிலா என்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விரட்டிய சத்திரக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். உறவினர் வீடு என்றால், “நம் வீட்டிலே யாருக்கு இடமில்லை?” என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம் அல்லவா?

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் ஊருக்கு நெருக்கமானது. திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். இராயப்பர் யோப்பா நகரிலே பல நாட்கள் சீமோன் என்பவர் வீட்டில் தங்கினார். அந்தச் சீமோனுக்குக் கிரேக்கத்தில் ‘பிர்செயுஸ்’ என்று அடைமொழி; தோல் பதனிடுகிறவர் என்று பொருள். திண்டுக்கல்லிலே தோல் ஷாப்பு என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புக் குழியும், தோலின் வாடையும், கைகளில் ஏறிய புண்ணும் நம் குடும்பங்கள் அறிந்தவை. யூதரிடையேயும் இத்தொழில் தாழ்வாகவே எண்ணப்பட்டது. நம் நாட்டிலும் இத்தொழில் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய பாவம் உண்டு. ஆனால் திருச்சபையின் தலைவர் அந்த வீட்டிலே உண்டு உறங்கினார். அந்த வீட்டு மாடியிலேதான், கடவுள் தூய்மை ஆக்கியதைத் தீட்டு என்று சொல்லலாகாது என்ற காட்சியைக் கண்டார். கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வந்து நின்றதும் அந்த வீட்டு வாயிலில்தான். பிற இனத்தாருக்கு, அதாவது நமக்கு, நற்செய்தி வந்து சேர்ந்த பாதை ஒரு தோல் தொழிலாளியின் வீட்டு வழியாக வந்தது! இதை எடுத்துச் சொல்ல, தோல் ஷாப்பின் வாடையை அறிந்த ஒருவர் கிரேக்கம் கற்றிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கிரேக்கம் மட்டும் போதுமா?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கிரேக்கம் மட்டும் கற்றுத் திரும்பி வந்தால் போதாது. கிரேக்கம் பதில் சொல்லாத கேள்விகளைத் தமிழ் கேட்கும்.

அந்திரேயாவும் இராயப்பரும் உடன்பிறந்தவர்கள். கிரேக்கத்தில் ‘அதெல்போஸ்’ என்று ஒரே சொல். இருவரில் அண்ணன் யார், தம்பி யார்? கிரேக்கம் சொல்லாது. நம் வீடுகளிலோ அண்ணன், தம்பி என்று சொல்லாமல் ஒரு நாள் கழியுமா? மொழிபெயர்ப்பாளர் ‘சகோதரர்’ என்று சொல்லி அந்த முடிச்சைக் கடந்துபோகிறார். கானாவூர்த் திருமணத்திலே ஆண்டவர் தம் தாயை அழைக்கும் சொல், எழுத்துப்படி ‘பெண்ணே’ என்பதாகும். கிரேக்கர் காதுக்கு அது மரியாதைக் குறைவு அன்று. தமிழில் ஒரு மகன் தாயை அப்படி அழைத்தால் நம் காது பொறுக்குமா? ஆகவே ‘அம்மா’ என்று எழுத வேண்டியதாகிறது.

இன்னொன்று கேளுங்கள். நம் தமிழிலே ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். கிரேக்கத்திலே ‘ஹெமெய்ஸ்’ என்று இரண்டுக்கும் ஒரே சொல்தான். எம்மாவு ஊருக்குப் போகும் வழியிலே இரு சீடர்கள், உயிர்த்த ஆண்டவரை அடையாளம் தெரியாமல், வழிப்போக்கர் என்று எண்ணிப் பேசுகிறார்கள். தலைமைக் குருக்களையும் ஆட்சியாளர்களையும் பற்றிச் சொல்லும்போது, அங்கே ‘நம் ஆட்சியாளர்கள்’ என்று எழுதுவதா, ‘எங்கள் ஆட்சியாளர்கள்’ என்று எழுதுவதா? கிரேக்க மூலம் வாய் திறவாது. வந்தவர் நம்மவரா, அந்நியரா என்று அந்தச் சீடர்கள் எண்ணினார்கள் என்பதைத் தமிழ் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இதற்குக் கிரேக்க இலக்கணமும் வேண்டும். தமிழ் நெஞ்சமும் வேண்டும்.

இதற்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையே சான்று. தவத்திரு தனிநாயகம் அடிகளாரைத் தமிழுலகம் அறியும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியிலே 1913-இல் பிறந்த அவர், 1934-இல் உரோமைக்குச் சென்று உர்பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். ஆதித் திருச்சபையைச் சேர்ந்த கார்த்தேஜ் நகரத்துக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் ஆனார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்திருந்தார். அத்தனை கற்றுத் திரும்பிய பின், நெல்லைச் சீமையிலே வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, ஒரு தமிழ்ப் புலவரிடம் மாணவராக அமர்ந்து தமிழை முறையாகக் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழிலே பட்டம் பெற்றார். அதன் பிறகுதான் 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழும், 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடும் உருவாயின. உரோமையிலே பெற்ற கல்வி, தமிழ் மண்ணிலே வேர் ஊன்றிய பின்னரே கனி தந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1980-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். வெளிநாடு செல்லும் ஒவ்வொரு இளைஞருக்கும் அவர் வழிகாட்டி.

மூலத்தை நோக்கி வந்த பாதை

திருநூலைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் நம் சீர்திருத்த சபைச் சகோதரர்கள் முந்திக்கொண்டார்கள். இதை மனமுவந்து ஒப்புக்கொள்வோம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையிலே அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலே அச்சேறியது. இலங்கையிலே பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகர், கிரேக்கம் கற்றுத் தேர்ந்து ஆக்கித்தந்த புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பிலே வெளிவந்தது. ஒரு தமிழ் மகன் கிரேக்கம் கற்று வேதத்தைத் தமிழில் தருவது இன்று நேற்று வந்த கனவல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

நம் கத்தோலிக்கப் பழைய மொழிபெயர்ப்புகள், புனித எரோணிமுஸ் 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி உழைத்து அளித்த ‘வுல்காத்தா’ என்னும் இலத்தீன் விவிலியத்தைத் தழுவியவை. அந்த எரோணிமுஸ் யார்? எபிரேயத்தை யூதரிடம் கற்று, பெத்லகேமிலேயே குடியேறி, மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தவர். அவருடைய திருநாளாகிய செப்டம்பர் 30 அன்று, 1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் ஒரு சுற்றுமடலை வெளியிட்டு, மூல மொழிகளைக் கற்கும்படி மறைநூல் அறிஞர்களைத் தூண்டினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மொழிபெயர்ப்புகள் மூல நூல்களிலிருந்தே செய்யப்படுவது சிறந்தது என்றும், பிரிந்த சகோதரரோடு சேர்ந்தும் செய்யலாம் என்றும் அறிவுறுத்தியது. அதன் கனியாகவே 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு நம் கைகளுக்கு வந்தது. இன்று நம் வாசக மேடையில் திறந்திருக்கும் நூல் அதுவே. அதன் பின்னால், கிரேக்கமும் எபிரேயமும் கற்கக் கப்பலும் விமானமும் ஏறிச் சென்று, பனியிலும் தனிமையிலும் படித்துத் திரும்பிய தமிழ்க் குருக்களின் உழைப்பு இருக்கிறது.

நம் பகுதிக்கும் இந்த மரபிலே பங்குண்டு. மலைமேலே செண்பகனூரில் 1895 முதல் விளங்கும் திரு இருதயக் கல்லூரியும், நம் நகரத்துப் பெஸ்கி இல்லமும் எத்தனையோ இயேசு சபைத் துறவிகளை உருவாக்கிய இடங்கள். ஆனால் நம் திண்டுக்கல் மறைமாவட்டமோ 2003-இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து பிறந்தது. வயதில் இளையது. தனக்கென்று விவிலிய அறிஞர்களை அது வளர்த்தெடுக்க வேண்டிய காலம் இது.

ஆயத்தம் எப்படி?

இனி, செல்லவிருப்பவர் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்வோம். நம் இளைஞர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் இது பயன்படும். இன்று பொதுநிலையினரும் துறவியரும்கூட இத்துறையில் பயில்கின்றனர்.

உரோமையிலே திருத்தந்தை விவிலிய நிறுவனம் 1909-இல் பத்தாம் பத்திநாதரால் நிறுவப்பட்டு, இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2024-இல் அது கிரகோரியன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அங்கே லைசென்ஷியேட் பட்டத்திற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆகும். கிரேக்கமும் எபிரேயமும் போதிய அளவு தெரியாதவர்கள் ஆயத்த வகுப்பிலே அவற்றைக் கற்றாக வேண்டும். ஆகவே இங்கேயே அடித்தளம் போட்டுக்கொண்டு போகிறவருக்குச் சுமை குறையும்.

கிரேக்கத்திற்கு எழுத்துகள் 24 மட்டுமே. 247 எழுத்துகளைக் கற்ற நம் பிள்ளைகளுக்கு அது மலைப்பாக இராது. ஆனால் நாம் ‘ப’ என்ற ஒரே எழுத்தால் எழுதும் ஒலிகளுக்கு அங்கே தனித்தனி எழுத்துகள் உண்டு. நாக்கைப் பழக்க வேண்டும். மற்றபடி தமிழ் இலக்கணம் கற்றவருக்குக் கிரேக்கம் பாதி உறவு. ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் நான் என்று விளங்குகிறது அல்லவா? கிரேக்க வினைச்சொல்லும் அப்படியே. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஐந்து. பெயர்ச்சொல்லின் ஈறு மாறுவது ஆங்கிலம் மட்டும் படித்தவரைத் திகைக்க வைக்கும், நம்மை அல்ல. பள்ளியிலே தமிழ் இலக்கண வகுப்பில் தூங்கியவர்தான் கிரேக்க வகுப்பிலே வருந்துவார்!

புதிய ஏற்பாட்டில் வெவ்வேறு சொற்கள் சுமார் 5,400 உள்ளன. ஆனால் அடிக்கடி வரும் ஏறத்தாழ 300 சொற்களைக் கற்றாலே, பக்கத்தில் உள்ள சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு தெரிந்தவையாகிவிடும். ஒரு நாளுக்குப் பத்துச் சொற்களைச் சீட்டுகளில் எழுதி வைத்துப் படித்தால் ஒரு மாதம் போதும். மறவாமல் இருக்க இன்னும் சில மாதங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதலில் அருளப்பர் நற்செய்தியை எடுத்துக்கொள்வது நல்லது. சொற்கள் குறைவு, வாக்கியங்கள் எளிமை. பக்கத்திலே தமிழ்த் திருவிவிலியத்தையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். லூக்காவும் எபிரேயர் திருமுகமும் பிறகு வரட்டும்.

கிரேக்கம் படிக்கப் போகிறவர் இத்தாலிய மொழியையும் படிக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வகுப்பிலே இத்தாலியமும் ஆங்கிலமும் வழங்குகின்றன, கடைத்தெருவிலோ இத்தாலியம்தான். அயல்நாட்டவர்க்கு அம்மொழியைக் கற்பிப்பதற்கென்றே பெரூஜா நகரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. பாடங்கள் அக்டோபரில் தொடங்குவதால், அதற்குச் சில மாதங்கள் முன்பே போய்ச் சேர்வது நலம். ஆயர் அவர்களின் அனுமதிக் கடிதம், கல்விச் சான்றுகள், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றுக்குக் காலம் பிடிக்கும். கடைசி நேரத்தில் ஓடலாகாது. சமைக்கவும், துணி துவைக்கவும், தனியே இருக்கவும் இங்கேயே பழக வேண்டும். திண்டுக்கல் வெயிலிலே வளர்ந்தவருக்கு உரோமையின் மார்கழி கடுமையாகவே இருக்கும். குளிருக்குக் கம்பளி போதும். தனிமைக்குச் செபம் வேண்டும், வீட்டிலிருந்து கடிதமும் தொலைபேசியும் வேண்டும்.

மூன்று கேள்விகள்

இப்போது தொடக்கத்திலே கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

செலவு என்ன ஆகும்? மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் குருக்களுக்கு உரோமையிலே தங்குமிடத்திற்கும் படிப்பிற்கும் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அணைத்து யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. பங்கு மக்கள் கொடுப்பது அன்பின் காணிக்கையாக இருக்கட்டும், கடனாக வேண்டாம்.

தண்ணீரும் வேலையும் இல்லாத ஊருக்குக் கிரேக்கம் எதற்கு? நியாயமான கேள்வி. கிரேக்கம் கிணற்றிலே நீர் ஊறச் செய்யாது. ஆனால் ஏழைகளுக்கு நற்செய்தி என்று ஆண்டவர் சொன்னதன் பொருளை யார் நமக்கு எடுத்துரைப்பது? வசதியுள்ள நாட்டார் வசதியாக எழுதிய விளக்கத்தையே நாம் என்றும் கடன் வாங்க வேண்டுமா? வறட்சி பார்த்த கண்கள், கந்துவட்டி பார்த்த கண்கள், சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் கண்கள் அந்த மூலத்தைப் படிக்க வேண்டாமா? தோல் பதனிட்ட சீமோனைக் கிரேக்கப் பேராசிரியர்கள் அனைவரும் படித்திருக்கிறார்கள். அவரை நம் தெருக்காரராகப் படிக்க நம்மவர் ஒருவர் வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம்.

போனவர் திரும்புவாரா? திரும்பினாலும் நம்மோடு பேசுவாரா? உண்மையான அச்சம் இதுதான். மறைக்க வேண்டியதில்லை. படித்தவர் பட்டணத்திலே தங்கிவிடுவதும், புரியாத சொற்களிலே பிரசங்கம் செய்வதும் உலகத்தில் நடக்காதவை அல்ல. இதற்கு நம் ஊர்த் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்வோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு செய்யும் பட்டறைக்காரரைக் கேளுங்கள்: பூட்டின் பெருமை எதிலே? அதன் சொந்தச் சாவியிலே. கிரேக்கத்தில் சாவிக்குக் ‘கிளெய்ஸ்’ என்று பெயர். இராயப்பருக்கு ஆண்டவர் வாக்களித்த விண்ணரசின் திறவுகோல்களும் இச்சொல்லே. ஆனால் இதே சொல் லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் ஒரு கண்டனத்திலும் வருகிறது. அறிவின் திறவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, தாமும் நுழையாமல், நுழைய வந்தவர்களையும் தடுத்த சட்ட அறிஞர்களை ஆண்டவர் கண்டித்தார். கற்றவர்க்கெல்லாம் இது எச்சரிக்கை. நம் இளங்குருவானவர் கொண்டுவரப் போவது பட்டம் அல்ல, சாவி. அதைத் தம் மேசை அறையிலே பூட்டி வைத்துக்கொள்ளலாகாது.

ஆனால் சகோதர சகோதரிகளே, கதவருகே யாருமே வராவிட்டால் சாவியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர் திரும்புவது அவர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. ஆகவே இந்த யூபிலியின் நினைவாக நாம் சில தீர்மானங்களை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு திருவிவிலியம் இருக்கட்டும். அது மாதாவின் படத்துக்குக் கீழே பூப்போட்டு வைக்கும் நூலாக மட்டும் இராமல், இரவுச் செபத்திலே ஒரு பத்தியாவது வாசிக்கப்படட்டும். அன்பியக் கூட்டங்களிலே, “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்கத் துணிவோம். விடை தெரியாத கேள்விகளை ஒரு குறிப்பேட்டிலே எழுதி வைப்போம். அவர் திரும்பும்போது அதுவே நாம் அளிக்கும் வரவேற்பு மடலாக இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணத்தைச் சலிப்பில்லாமல் கற்பிப்போம். நம் பெண்பிள்ளைகளில் ஒருத்தி நாளை மறைநூல் ஆய்வுக்குச் செல்ல விரும்பினால், “உனக்கு எதற்கு?” என்று தடுக்காதிருப்போம். செல்கிறவருக்காக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்வோம். அவருடைய வயது முதிர்ந்த பெற்றோரைப் பங்கே பார்த்துக்கொள்ளட்டும். மகன் கடல் கடந்திருக்கும் வீட்டிற்குப் பண்டிகை நாளிலே நம் கால்கள் போகட்டும்.

ஆண்டவரின் சிலுவைமேல் வைக்கப்பட்ட பலகை எபிரேயத்திலும் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது என்று அருளப்பர் சொல்கிறார். அங்கே தமிழ் இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை. அதைத் தமிழிலே எழுதும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. நம்மவர் ஒருவர் அதற்காகப் புறப்படுகிறார். போகும்போது அவர் நம் பிள்ளை. திரும்பும்போது அவர் கற்றவராக வருவார். அன்று அவரைப் பார்த்து ‘நீங்கள், நாங்கள்’ என்று பிரித்துப் பேசாமல், ‘நாம்’ என்றே பேசுவோமாக. அவரும் நம்மைப் பார்த்து அப்படியே பேசுவாராக.

தூய ஆவியார் அவரையும் நம்மையும் வழிநடத்துவாராக! வாழ்க நம் பங்கு! இறைவனுக்கே புகழ்!